வடிப்பானில் சிக்கிய ஒரு கடிதம்

நேற்று மாலை எங்கள் துறையின் மின்னஞ்சல் வழங்கியை நிரந்தரமாக நிறுத்தினோம். மாடிப்படியின் கீழே, பழைய ஆய்விதழ்க் கட்டுகளுக்கு நடுவே, ஐந்தாண்டுகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த பெட்டி அது. இனிமேல் பல்கலைக்கழகம் முழுமைக்குமான அஞ்சலை வெளியிலுள்ள ஒரு பெருநிறுவனத்தின் சேவை பார்த்துக்கொள்ளும். ஒப்படைப்புக் குறிப்பாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பன அதில் உள்ளன. அங்கே எழுத இடமில்லாத செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது. விண்ணப்பக் கடிதம் எழுதும் மாணவர்களும், அக்கடிதங்களைப் பெறும் இடத்தில் இருக்கும் ஆசிரியர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

நான் புள்ளியியல் ஆய்வு மாணவன். தமிழ்நாட்டிலிருந்து புணேவுக்கு வந்த முதலாண்டிலேயே வழங்கி என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. இத்தகைய பொறுப்புகள் எவ்வாறு வந்து சேரும் என்பதை ஆய்வு மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அச்சுப்பொறியை ஒருமுறை சரிசெய்தவன், அதன்பின் மின்கம்பி செல்லும் அனைத்தையும் சரிசெய்யக் கடமைப்பட்டவனாகிவிடுகிறான். எனக்கு முன் அதைக் கவனித்துவந்த மூத்தவர், பட்டம் பெற்று விடைபெறும் நாளில் நிர்வாகக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கையில் திணித்து, "ஓடும்வரை தொடாதே" என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

தொட வேண்டிய நாள் 2016 கோடையில் வந்தது. லாக்கி என்ற பணயத் தீநிரல் அவ்வாண்டு பிப்ரவரியில் உலகெங்கும் தலைகாட்டியிருந்தது. விலைச்சீட்டு என்ற பெயரில் ஒரு வேர்டு கோப்பு வரும். அதைத் திறந்து உள்ளிருக்கும் மேக்ரோவை இயங்கவிட்டால், கணினியிலுள்ள கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். சாவிக்குப் பணம் கேட்பார்கள். எங்கள் பேராசிரியர் ஒருவர் அந்த வாரம் கருத்தரங்குக்காகப் பைகளுக்குச் சொல்லியிருந்தார். உண்மையாகவே ஒரு விலைச்சீட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தார். வந்தது, திறந்தார். மாலைக்குள் மூன்றாண்டுக் கள ஆய்வின் தரவுகள் பூட்டப்பட்டுவிட்டன. அவரிடமிருந்த கடைசிப் படி ஆறு மாதம் பழையது. மறுநாள் துறைத்தலைவர் என்னை அழைத்து, "இனி இப்படி ஒன்று உள்ளே வரக்கூடாது" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நான் அதை எவ்வாறு நிறைவேற்றினேன் என்பதில்தான் தவறு இருந்தது.

அஞ்சல் வடிப்பான் என்பது ஒரே சுவர் அன்று. வரிசையாக நிற்கும் பல காவலர்கள். தகவலைப் பெற்று அனுப்பும் பணியைப் போஸ்ட்ஃபிக்ஸ் செய்தது. அதன் வாசலில் முதற்காவலாகச் சாம்பல் பட்டியல் முறையை வைத்தேன். 2003-இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த எளிய சூழ்ச்சி இது. முன்பின் அறியாத அனுப்புநர் வந்தால், "இப்போது இயலாது, சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்று தற்காலிக மறுப்புச் சொல்ல வேண்டும். முறையான வழங்கி சில நிமிடங்களில் திரும்பி வரும். லட்சக்கணக்கில் அஞ்சலைக் கொட்டித் தீர்க்கும் குப்பை நிரல்களுக்குத் திரும்பி வரும் பொறுமை பெரும்பாலும் கிடையாது.

இரண்டாம் காவல் நச்சுநிரல் சோதனை. கிளாம்ஏவி என்ற திறமூல மென்பொருள் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து, தான் அறிந்த நச்சுநிரல்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அது விழித்திருக்கிறதா என்று அறிய உண்மையான நச்சுநிரல் தேவையில்லை. எய்கார் எனப்படும் 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற ஒரு வரியை அனுப்பிப் பார்த்தால் போதும். அந்த வரியைக் கண்டு அலற வேண்டும் என்பது நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களிடையே உள்ள உடன்பாடு. முதன்முறை அது அலறியபோது நள்ளிரவு. ஆய்வகத்தில் நான் மட்டும் கைதட்டிக்கொண்டேன்.

மூன்றாம் காவல்தான் இந்தப் பதிவின் பொருள். நச்சுநிரலுக்கு அடையாளம் உண்டு. குப்பை அஞ்சலுக்கு அவ்வாறான திட்டவட்டமான அடையாளம் கிடையாது. 1978-இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் கேரி துயெர்க், ஆர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்குத் தம் கணினிகளை விளம்பரப்படுத்தி ஒரு மடல் அனுப்பினார். குப்பை அஞ்சலின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். அம்மடலில் எந்த எழுத்தும் தன்னளவில் குற்றமுடையதன்று. கேட்காதவர்க்கு வந்தது என்பதே குற்றம். கேட்டாரா கேட்கவில்லையா என்பதை இயந்திரம் அறியாது. ஆகவே அது ஊகிக்கிறது. ஸ்பேம்அசாசின் மென்பொருள் நூற்றுக்கணக்கான விதிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடிதத்துக்கும் மதிப்பெண் இடும். கூட்டுத்தொகை 5 என்ற எல்லையைத் தொட்டால் அது குப்பை. இவற்றோடு பேய்ஸ் தேற்றத்தின் வழியில் சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிடும் பகுதியும் உண்டு. 2002-இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலான முறை அது. குறைந்தது 200 நல்ல அஞ்சல்களையும் 200 குப்பை அஞ்சல்களையும் காட்டிய பின்னரே அப்பகுதி வாய் திறக்கும்.

புள்ளியியல் மாணவனுக்கு இதைவிட இனிய விளையாட்டு வேறென்ன இருக்க முடியும்? நல்ல அஞ்சலுக்கு மாதிரியாக மூன்று பேராசிரியர்களின் பெட்டிகளை அனுமதி பெற்றுப் பயன்படுத்தினேன். ஆய்விதழ் மதிப்பீடுகள், குழுக்கூட்ட அறிவிப்புகள், கருத்தரங்க அழைப்புகள், இணை ஆசிரியர்களோடு நடந்த விவாதங்கள் அவற்றில் நிறைந்திருந்தன. மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்தத் தொகுதியைப் பற்றி மட்டுமே பேச உரிமையுண்டு என்பதை இளநிலை மாணவர்களுக்கு அப்போதே நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு முடிவையும் எடுக்க வேண்டியிருந்தது. குப்பை என்று தீர்மானித்த கடிதத்தை என்ன செய்வது? காவலர்களை ஒருங்கிணைக்கும் அமாவிஸ் என்ற நிரல் நான்கு வழிகளைத் தந்தது: குறியிட்டு உள்ளே விடலாம், வாசலிலேயே மறுக்கலாம், திருப்பி அனுப்பலாம், ஓசையின்றி ஒதுக்கிவிடலாம். என் அமைப்பில், போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தைப் பெற்று வரிசையில் இட்ட பிறகே சோதனை நடந்தது. அதாவது, அனுப்பும் வழங்கியிடம் 250 என்ற எண்ணைச் சொல்லி முடித்த பிறகு. அவ்வெண்ணின் பொருள் "ஏற்றுக்கொண்டேன்" என்பது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் நெறிமுறைப்படி, அதைச் சொன்ன வழங்கி கடிதத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும். இயலாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். குப்பை அஞ்சலிலோ அனுப்புநர் முகவரியே போலி. திருப்பி அனுப்பினால் அது ஏதுமறியாத மூன்றாம் மனிதரின் பெட்டியில் போய் விழும். ஆகவே ஓசையின்றி ஒதுக்கும் வழியைத் தேர்ந்தேன். ஒதுக்கப்பட்டவை தனிமைக் கோப்புறை ஒன்றில் சுருக்கப்பட்டுக் கிடக்கும். தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். யாருக்குத் தேவைப்படும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நிகழ்ந்தது. லாக்கியின் அச்சத்தால், மேக்ரோ உள்ள எந்த வேர்டு கோப்பையும் நச்சுநிரலாகக் கொள்ளுமாறு கிளாம்ஏவியைப் பணித்திருந்தேன். பயணப்படிக்கான எங்கள் அலுவலகப் படிவத்திலேயே மேக்ரோ இருந்தது எனக்குத் தெரியாது. காலை பத்து மணிக்குப் படிவங்கள் மறையத் தொடங்கின, பதினொன்றுக்குக் கணக்கர் என் அறை வாசலில் நின்றார், நண்பகலுக்குள் சரிசெய்துவிட்டேன். பிழை நேர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும், உடனே திருத்திவிடலாம் என்ற பொல்லாத நம்பிக்கையை அந்நாள் எனக்குத் தந்தது.

அதன்பின் புகாரே இல்லை. பேராசிரியர்கள் பாராட்டினார்கள். ஆண்டு அறிக்கைக்காக ஒரு வரைபடம் வரைந்தேன். தடுக்கப்பட்ட குப்பை வானளாவ எழுந்து நின்றது. தவறாகத் தடுக்கப்பட்ட நல்ல அஞ்சல் என்ற கோடு தரையோடு ஒட்டிக் கிடந்தது. அந்தக் கோட்டின் தரவு, எனக்கு வந்த புகார்களின் எண்ணிக்கை.

2018 பிப்ரவரியில் வட்டில் இடம் தீர்ந்துபோனது. தனிமைக் கோப்புறையின் பழைய கோப்புகளை அழிக்க முடிவு செய்தேன். அழிக்குமுன், ஒரு புள்ளியியலாளனுக்குரிய முறையில் சமவாய்ப்பு மாதிரி ஒன்றை எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. மருந்து விற்பனை, பரிசுச்சீட்டு, இறந்துபோன தளபதியின் பல மில்லியன் டாலர் எனத் தொடர்ந்த வரிசையில், எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு கடிதம் வந்தது. தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது: மிக அவசரம், மரியாதைக்குரிய ஐயா. எங்கள் துறையின் ஆய்வு மாணவர் சேர்க்கைக்கான முகவரிக்கு எழுதப்பட்டது.

ஒடிசாவின் மலைமாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார். நேர்காணலுக்கு எங்கள் அழைப்பு வந்திருக்கிறது. அவருடைய பல்கலைக்கழகம் தள்ளிவைத்திருந்த முதுகலை இறுதித் தேர்வு ஒன்று அதே நாளில் வந்து விழுந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து வரலாமா என்று கேட்டிருந்தார். விண்ணப்பக் கட்டணத்துக்கான வரைவோலையின் எண், வங்கியின் பெயர், தொகை ஆகியவற்றைத் தவறாது குறிப்பிட்டிருந்தார். அன்புகூர்ந்து, தயைகூர்ந்து, கனிவுடன் பரிசீலித்து என்று ஒவ்வொரு வாக்கியமும் குனிந்து நின்றது.

கடிதத்தின் தலையில் வடிப்பான் எழுதிய தீர்ப்பும் இருந்தது: 6.3. காரணங்கள் வரிசையாக இருந்தன. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்துகள். "டியர் சார்" என்ற விளி. அவசரம் என்ற சொல். கட்டணமில்லாச் சேவையின் முகவரி. அம்முகவரியின் முடிவில் எண்கள். அவர் பெயரில் அவருக்கு முன்பே எத்தனை பேர் பதிந்திருந்தார்களோ. இவற்றுக்கு மேல், என் பயிற்சியில் தேறிய பேய்ஸ் பகுதி தன் பங்குக்கு ஏற்றியிருந்த மதிப்பெண். வங்கி, தொகை, அவசரம், தயைகூர்ந்து ஆகிய சொற்கள் ஒன்றாக வந்தால் அது மோசடிக் கடிதம் என்பதே அது கற்றிருந்த பாடம். மூன்று பேராசிரியர்களுக்கு வந்த எந்த நல்ல கடிதத்திலும் அச்சொற்கள் அவ்வாறு சேர்ந்து வந்ததில்லை. அவர்களுக்கு யாரும் வரைவோலை எண்ணை எழுதி மன்றாட வேண்டியிருந்ததில்லை.

நம் நாட்டின் சிற்றூர்க் கல்லூரிகளில் கடிதம் எழுதக் கற்றுத்தரும் முறையை நினைத்துப் பாருங்கள். நானும் அப்படித்தான் கற்றேன். இங்கே விண்ணப்பித்தபோது நான் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்து அதே வடிப்பானின் வழியே செலுத்திப் பார்த்தேன். 5.4. என் கையால் நிறுவிய காவலன் என்னை உள்ளே விட்டிருக்கமாட்டான்.

சேர்க்கைப் பதிவேட்டில் அந்த மாணவியின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதியிருந்தது. நெறியாளரிடம் சென்று அனைத்தையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நீயே எழுது, துறையின் பெயரால் எழுது" என்றார். நடந்ததை மறைக்காமல் எழுதினேன்; அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் சுருக்கமான பதில் வந்தது. தம் ஊருக்கு அருகில் ஒரு பள்ளியில் ஒப்பந்த ஆசிரியராகச் சேர்ந்துவிட்டதாகவும், வீட்டின் நிலையில் இப்போது அதை விட்டு வர இயலாது என்றும் எழுதியிருந்தார். என்மீது ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. ஒரு வரி மட்டும் இருந்தது: "பதில் வராததையே நான் பதிலாக எடுத்துக்கொண்டேன், ஐயா."

அந்த வாரம் முழுவதும் அமைப்பை மாற்றினேன். சோதனையைக் கடிதம் வரிசையில் சேருவதற்கு முன்பே, அனுப்பும் வழங்கி இணைப்பில் காத்திருக்கும்போதே நடக்குமாறு செய்தேன். போஸ்ட்ஃபிக்ஸில் இதற்கு வழி உண்டு. சற்றுக் கூடுதல் நினைவகம் கேட்கும், பழைய பெட்டிக்கு மூச்சு வாங்கும், அவ்வளவே. மறுப்பதாயின் 250 சொல்லும் முன்பே மறுத்துவிடலாம். அப்போது மறுப்பு போலி முகவரிக்குப் போகாது. எதிரே நிற்கும் வழங்கிக்கே போகும். அது முறையான வழங்கியாயின் தன் பயனருக்குத் தெரிவிக்கும். மறுப்பின் வாசகத்தில் துறை அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைச் சேர்த்தேன். மதிப்பெண் 5-க்கும் 10-க்கும் இடையே உள்ளவை குறியிடப்பட்டுப் பயனரின் "ஐயம்" கோப்புறைக்குச் செல்லும். 10-ஐத் தாண்டியவை வாசலில் மறுக்கப்படும். நச்சுநிரலும் அப்படியே, அதில் தளர்வு காட்டவில்லை. ஓசையின்றி விழுங்கும் வழியை மட்டும் அடியோடு நீக்கினேன். சேர்க்கை முகவரிக்கு வரும் எதையும் குப்பை என்ற காரணத்தால் இயந்திரம் மறுக்காது. ஒவ்வொரு மாலையும் ஒருவர் திறந்து பார்ப்பார். பழைய ஆண்டுகளின் விண்ணப்பக் கடிதங்களையெல்லாம் திரட்டி, இவையும் நல்ல அஞ்சலே என்று பேய்ஸ் பகுதிக்குக் காட்டினேன். "மரியாதைக்குரிய ஐயா" என்பதை அது மெல்ல மெல்லப் பொறுத்துக்கொள்ளக் கற்றது.

இதற்கு ஒரு விலை இருந்தது. குப்பை சற்றுக் கூடுதலாக உள்ளே வந்தது. முன்பு பாராட்டியவர்களே குறைபட்டுக்கொண்டார்கள். இரண்டு பிழைகளும் ஒரே நிறையுடையவை அல்ல என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பி வந்த குப்பையை நீக்க ஒரு நொடி போதும். தவறித் தடுத்த கடிதம் ஒருவரின் ஓராண்டைக் கொண்டுபோகக்கூடும். முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இரண்டின் செலவும் யார் தலையில் விழுகிறது என்பதைக் கேட்காமல் விடுவதே நம் பாடத்தின் குறை.

விதிகளை எழுதுவோர் அறிவிலிகள் அல்லர். ஸ்பேம்அசாசினிலேயே ஒரு விதி இருந்தது: கடிதத்தின் தேதி நம்பமுடியாத அளவு எதிர்காலத்தில் இருந்தால் மதிப்பெண் கூட்டு என்பது. எதிர்காலம் என்பதை 2010 முதல் 2099 வரை என்று எழுதிவைத்திருந்தார்கள். 2010 ஜனவரி 1 விடிந்தபோது, சரியான தேதியிட்ட கடிதங்களெல்லாம் அந்த விதியில் சிக்கி மூன்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சுமந்தன. உடனே திருத்தம் வெளிவந்தது. ஏனெனில் அப்பிழை எல்லோரையும் தாக்கியது; கூச்சலிடத் தெரிந்தவர்களையும் தாக்கியது. எங்கள் பயணப்படிவம் இரண்டு மணி நேரத்தில் மீண்டதும் அதனால்தான். கணக்கருக்கு என் அறை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒடிசாவின் மலையடிவாரத்திலிருந்து என் அறைக்கு இருந்த ஒரே வழி அந்தக் கடிதம். அதைத்தான் நான் அடைத்திருந்தேன்.

புறநானூற்றில் ஆவூர் மூலங்கிழார் ஒரு பாண்டியனிடம் பரிசில் வேண்டிக் காத்திருந்து, காலம் நீண்டதால் பாடிய பாட்டு ஒன்று உண்டு. இயன்றதைத் தருவதும், இயலாததை இல்லை என்று மறுப்பதும் ஆகிய இரண்டுமே நட்பின்பாற்பட்டவை என்பது அவர் கருத்து. மறுப்பை அவர் குறையாகக் கருதவில்லை. அஞ்சல் நெறிமுறையும் அதையேதான் சொல்கிறது: ஏற்றுக்கொள், அல்லது மறுத்துவிட்டேன் என்று சொல்.

இதை வழங்கியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. நம் துறைகளில் மாணவர்களின் கடிதங்கள் பல, எந்த வடிப்பானிலும் சிக்காமல் நேரே பெட்டிக்கு வந்து, படிக்கப்பட்டு, பதிலின்றிக் கிடக்கின்றன. "இடமில்லை" என்ற ஒரு சொல்லை எழுத நமக்கு நேரமில்லை. அதைப் பெறாதவர் தம் கடிதம் சேரவில்லையா, தாம் தகுதியற்றவரா என்று அறியாமலே வேறு வழி பார்த்துப் போய்விடுகிறார். போனவர்கள் நம் வரைபடத்தில் எங்கும் தெரியமாட்டார்கள்.

புதிய சேவையின் வடிப்பான் நான் அமைத்ததைவிடப் பன்மடங்கு திறனுடையது, ஐயமில்லை. ஆனால் அதன் விதிகளை நாம் பார்க்க இயலாது. அதன் குப்பைக் கோப்புறை 30 நாளில் தானே காலியாகிவிடும். அடுத்த வாரம் சேர்க்கை அறிவிப்பு வெளிவருகிறது. அந்த முகவரியின் குப்பைக் கோப்புறையை ஒவ்வொரு மாலையும் திறந்து பார்க்கும் முறைப்பட்டியல் ஒன்றைத் துறையின் அறிவிப்புப் பலகையில் நேற்று ஒட்டினேன். முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதியிருக்கிறேன். இன்று காலை பார்த்தபோது, இரண்டாம் வாரத்துக்கான இடத்தில் நெறியாளர் தம் பெயரை எழுதியிருந்தார்.